மூன்றாவது வரி

— ஆறு மணிக்கு எழுப்பியாச்சு. ஆறு பத்துக்குப் பல்லு தேய்ச்சாச்சு. ஆறே முக்காலுக்கு வெந்நீர்ல உடம்பு துடைச்சாச்சு. ஏழு மணிக்குத் தலை வாரியாச்சு. ஏழேகாலுக்குச் சாப்பாடு, பாதி சாப்பிட்டாங்க. ஏழரைக்கு மாத்திரை. ஏழே முக்காலுக்குப் போர்டு. ஒத்துழைக்கல. எட்டு மணிக்கு நாற்காலியில உக்கார வெச்சாச்சு. அவ்ளோதான் சார். தினமும் இதேதான்.

— நேத்து?

— நேத்தும் இதேதான். பக்கத்தைத் திருப்பட்டுமா?

— வேணாம் சிஸ்டர். என் அத்தையோட வலது கை ஏன் கறுப்பா இருக்கு? அது எந்தப் பக்கத்துல இருக்கு?

— கறுப்பாவா?

— உள்ளங்கை முழுக்க. இப்பத்தான் பாத்துட்டு வரேன்.

— ஓ, அதுவா. அது மை சார். போர்டுல எழுதுற பேனா மை. எழுதியிருக்கு பாருங்க, 'கையில் மை பூசிக்கொள்கிறார். சுத்த உணர்வு குறைவு.' நாங்களும் தினம் துடைச்சு விடுறோம். மறுநாள் காலைல மறுபடி பூசிக்கிறாங்க.

— சுத்த உணர்வு குறைவா? எங்க வீட்ல ஃபோனை எடுக்கிறதுக்கு முன்னாடி துணியால ரெண்டு தடவை துடைக்கிறவங்க அவங்க. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தவங்க. 'ஊரே வாய் வெச்ச கருவி மாப்ளை'ம்பாங்க.

— தெரியும் சார். இங்கயும் எல்லாரும் டெலிபோன் அம்மான்னுதான் கூப்பிடுறோம்.

— அந்தக் கை எப்படிக் கறுப்பாச்சு?

— போர்டை அழிக்கிறாங்க. டஸ்டர் பக்கத்துலயே தொங்குது, அதைத் தொட மாட்டாங்க. வெறுங்கையால அழிக்கிறாங்க.

— என்ன போர்டு?

— கட்டிலுக்கு எதிர்ல வெள்ளையா இருக்கே, அதான். ஞாபகம் குறையுறவங்களுக்கு அது ஒரு பயிற்சி. காலைல நாங்க பெரிய எழுத்துல எழுதி வெப்போம். அவங்க சத்தமா வாசிக்கணும். முதல் வரி கிழமையும் தேதியும். ரெண்டாவது வரி நம்ம இல்லத்தோட பேரு. மூணாவது வரி, 'உங்கள் மகள் நலமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசுவார்.' இப்ப எட்டு நாளாத்தான் பேச்சே இல்ல, அதுக்கு முன்னாடி வரைக்கும் முதல் ரெண்டு வரியையும் கணீர்னு வாசிப்பாங்க. மூணாவது வந்ததும் வாயை இறுக்கி மூடிக்குவாங்க. இப்பவும் நாங்க அந்தப் பக்கம் திரும்புறோமோ இல்லையோ, எந்திரிச்சுப் போய் அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சிடுவாங்க.

— அந்த வரியை யார் எழுதச் சொன்னது?

— நீங்கதான் சார்.

— நானா?

— 'பொண்ணு நல்லா இருக்கான்னு அடிக்கடி ஞாபகப்படுத்துங்க சிஸ்டர், அவங்க கவலைப்படக் கூடாது'ன்னு சொன்னீங்களே. தேதியோட எழுதியிருக்கு. காட்டவா?

— வேணாம். மாத்திரைக்கு வாங்க. ஏழரைக்கு எத்தனை?

— ரெண்டு. சாயங்காலம் ஒண்ணு.

— எதுக்கு?

— அமைதிக்கு.

— யாரோட அமைதிக்கு?

— சார், சத்தம் போடாதீங்க. பக்கத்து ரூம்ல தூங்குறாங்க.

— இங்க எல்லாருமே தூங்குறாங்க சிஸ்டர். பகல் பதினோரு மணி. வராண்டாவுல வரிசையா எட்டு நாற்காலி. எட்டு பேரும் தலை தொங்கிப் போய்க் கெடக்குறாங்க. ஒருத்தர் முகத்துல ஈ உக்காந்திருக்கு. ஓட்டக்கூட ஆள் இல்ல.

— நாங்க மூணு பேர் சார், நாப்பது பேருக்கு.

— அதனால மூணு பேருக்குத் தோதா நாப்பது பேரையும் படுக்க வெச்சிட்டீங்க.

— வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை அது.

— போன மாசம் வரைக்கும் என் சட்டையில பட்டன் மாறிப் போயிருந்தா வாசல்லயே கண்டுபிடிப்பாங்க. 'மாப்ளை, ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ, தராசு மாதிரி நிக்கிறீங்களே'ன்னு சிரிப்பாங்க. போன ஞாயித்துக்கிழமை வந்தேன். அத்தைன்னு கூப்பிட்டேன். செவுத்தைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தாங்க. வாயோரம் எச்சில். நான்தான் துடைச்சேன்.

— மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நோய் முத்தும்போது இப்படித்தான் ஆகும். அதுக்குத்தான் உங்களை இன்னிக்கு வரச் சொன்னேன். இந்த ஃபாரத்துல கீழ ஒரு கையெழுத்து போடுங்க. மேல் மாடிக்கு மாத்திடலாம்.

— பூட்டி வெக்கிற மாடி.

— பாதுகாப்பான மாடி.

— லிஃப்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?

— என்கிட்ட.

— அப்ப பூட்டி வெக்கிற மாடி. ஒரு தடவை மேல போனவங்க யாராவது திரும்பக் கீழ வந்திருக்காங்களா?

— ...நீங்க கேக்கிற தோரணையே சரியில்ல சார்.

— வந்திருக்காங்களா?

— சிஸ்டர், உள்ள வரலாமா? மாத்திரைக் கிண்ணம் எடுக்கணும்.

— ஆயா, கதவைத் தட்டிட்டு வான்னு எத்தனை தடவை சொல்றது?

— ரெண்டு கையிலயும் சாமான். முழங்கையால தட்டினேன், உங்க சத்தத்துல கேக்கல. வணக்கம் தம்பி.

— வணக்கம்மா. நீங்கதானே அத்தையைப் பாத்துக்கிறது?

— ஆமா தம்பி. எனக்கென்ன தெரியும், கூட்டிப் பெருக்குறவ. ஆனா டெலிபோன் அம்மாவுக்குத் தலை வாரி விடுறது நான்தான்.

— அவங்களுக்கு ஞாபகம் போயிடுச்சா?

— ஆயா, கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போ.

— சொல்லுங்கம்மா.

— ஞாபகமா! இந்த இல்லத்துல இருக்கிற அத்தனை பேரோட பிள்ளைங்க நம்பரும் அவங்களுக்கு மனப்பாடம். எட்டாம் நம்பர் தாத்தா தன் பையன் நம்பரை மறந்துட்டு இவங்க கட்டிலாண்டதான் வந்து நிப்பாரு. இவங்க கண்ணை மூடிக்கிட்டு, 'எழுதிக்கோங்க, லைன்ல இருங்க'ன்னு கடகடன்னு சொல்லுவாங்க. அப்புறம் பிள்ளைங்களுக்கு அடிக்கடி ஃபோன் போகுது, தொந்தரவா இருக்குன்னு மேல இருந்து சொல்லி அதை நிறுத்தினாங்க.

— அதை என்கிட்ட சொல்லவே இல்லையே சிஸ்டர்?

— அதெல்லாம் பழைய ஞாபகம் சார். பழசு நிக்கும், புதுசு நிக்காது. டாக்டர் சும்மா முடிவு பண்ணல. போன மாசம் முறையா டெஸ்ட் எடுத்தோம்.

— கேள்வித்தாளைக் காட்டுங்க.

— அது ஃபைல்ல...

— ஃபைல் உங்க முழங்கைக்குக் கீழ இருக்கு.

— இந்தாங்க. பாருங்க.

— கிழமை, சரி. தேதி, சரி. அஞ்சு பொருள் பேரு சொல்லிப் பத்து நிமிஷம் கழிச்சுக் கேட்டது, அஞ்சும் சரி. நூறுல இருந்து ஏழேழாக் கழிச்சுக்கிட்டே வரச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு வரைக்கும் இறங்கி வந்திருக்காங்க. எனக்கே வராது. கடிகாரம் வரைஞ்சிருக்காங்க. நொடி முள்ளு வரைக்கும்.

— அடுத்த பக்கம் திருப்புங்க.

— 'குடும்பம்.' மூணுக்கு சைபர்.

— அங்கதான் விஷயமே இருக்கு. நீங்களே வாசிங்க சார். சத்தமா வாசிங்க.

— 'உங்கள் மகள் எங்கே இருக்கிறார்?' பதில்...

— வாசிங்க.

— பதில், 'செத்துட்டா.'

— கேட்டீங்களா? அடுத்தது.

— 'மகளிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?' 'இங்க கொண்டாந்து விட்டாளே, அன்னிக்கு.' 'ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசுவது யார்?' 'அது பதிவு பண்ண குரல்.'

— பதிவு பண்ண குரலாம்! பெத்த பொண்ணு வாரா வாரம் ஃபோன்ல கூப்பிட்டு சாப்டியா, தூங்கினியான்னு கேக்குறாங்க. நீங்களே ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் என் காதால கேட்டிருக்கேன். உங்க முன்னாடி நல்லா சிரிச்சுப் பேசுறாங்க. நீங்க கேட்டைத் தாண்டினதும் 'அவ இல்ல, செத்துட்டா'ங்கிறாங்க. மறு ஞாயிறு மறுபடி சிரிக்கிறாங்க. ஏறி ஏறி இறங்குது சார் அந்த நோய். டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்காரு. ஒரு தடவை அழுது தீர்த்துட்டாங்க. நாலு பேர் வேணும்னு ஆச்சு பிடிக்க. அப்புறம்தான் மாத்திரை.

— பிடிச்சீங்களா?

— பிடிக்காம? 'உங்க பொண்ணு நல்லா இருக்காங்கம்மா, பைத்தியம் மாதிரி பேசாதீங்க'ன்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல. என்ன சார், எதுக்குக் கண்ணாடியைக் கழட்டுறீங்க?

— சிஸ்டர்.

— சொல்லுங்க.

— அந்த மூணு பதிலும் சரி.

— என்னது?

— மூணும் சரியான பதில். மார்க்கைத் திருத்துங்க.

— சார், விளையாடாதீங்க. மேடம் போன ஞாயித்துக்கிழமைகூட...

— என் மனைவி செத்து ஏழு மாசம் ஆச்சு.

— கடவுளே. அப்ப நெசந்தானா? நான் சொன்னேனே சிஸ்டர். நான் சொன்னேனா இல்லையா?

— ஆயா, சும்மா இரு. சார், வேலை விஷயமா வெளியூர் போறேன், ரெண்டு மாசம்தான்னு சொல்லிட்டு மேடம்தானே இவங்களை இங்க சேர்த்தாங்க? இந்தாங்க, அவங்க கையெழுத்து.

— வெளியூர் இல்ல. ஆஸ்பத்திரி. ரெண்டு மாசம்னு டாக்டர்தான் சொன்னாரு. அது வேற கணக்குன்னு எங்களுக்குப் புரியல.

— அப்ப அந்தக் குரல்?

— அவளே பதிவு பண்ணிக் குடுத்தா. ஆஸ்பத்திரில, கடைசி பத்து நாள்ல. மொத்தம் பதினேழு. 'அம்மா, சாப்டியா'ன்னு கேட்டுட்டு, அம்மா பதில் சொல்றதுக்கு இடம் விடுவா. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இடம் விட்டா. அப்புறம் 'சரி சரி, வெயில்ல வெளிய போகாத'ன்னு முடிப்பா. அம்மாகிட்ட சொல்லாத, அவங்க தாங்க மாட்டாங்கன்னா. அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்.

— அதை எங்ககிட்டயாவது சொல்லியிருக்கணுமா இல்லையா? போன மாசம் நானே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'டெலிபோன் அம்மா ஒரு மாதிரி பேசுறாங்க, மேடம் நல்லா இருக்காங்கல்ல சார்?'னு கேட்டேன். என்ன சொன்னீங்க?

— நல்லா இருக்கான்னேன்.

— எழுதியிருக்கு! 'மருமகனிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது'ன்னு எழுதியிருக்கு! உங்க வாய் வார்த்தையை நம்பி ஒரு பெரிய மனுஷியை நான் பொய்க்காரி ஆக்கியிருக்கேன். பைத்தியம்னு சொல்லியிருக்கேன். பொண்ணைப் பறிகுடுத்த தாயி, அவ நல்லா இருக்கான்னு தினம் காலைல சத்தமா வாசிக்கணுமா? வாசிக்கலைன்னு சொல்லி நான் ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதணுமா? எங்களை எதுக்கு சார் இதுல இழுத்து விட்டீங்க?

— தப்புதான்.

— தப்புதான்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க!

— வேற என்ன வார்த்தை இருக்கு? நான் பொய் சொன்னேன். ஒத்துக்கிறேன். நீங்க சொல்லுங்க. 'ஏம்மா அப்படி நினைக்கிறீங்க?'ன்னு இந்த ஃபைல் முழுக்க எங்கயாவது ஒரு கேள்வி இருக்கா? நாப்பது பக்கம். ஒரு இடத்துலயாவது இருக்கா? இளவயசுக்காரி ஒருத்தி வந்து 'இது பதிவு பண்ண குரல்'னு சொல்லியிருந்தா, ஃபோனை வாங்கிப் பாத்திருப்பீங்க. இவங்களுக்கு எழுபத்தி மூணு. மாத்திரை குடுத்துட்டீங்க.

— நாங்க எங்க சார்...

— யாருமே கேக்கலைன்னு சொல்லாதீங்க தம்பி. நான் கேட்டேன்.

— ஆயா!

— இருங்க சிஸ்டர். எனக்கென்ன தெரியும், கூட்டிப் பெருக்குறவ. ஆனா கேட்டேன். தலை வாரும்போது கேட்டேன். எப்படிம்மா தெரியும்னு. 'முப்பத்தோரு வருஷம் ரெண்டு காதையும் கம்பியில குடுத்து வெச்சவ நான். பேச்சுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்'னாங்க. ஒவ்வொரு வாரமும் அந்தப் பொண்ணு பேசும்போது பின்னாடி ஒரே மாதிரி 'பீப், பீப்'னு சத்தம் வருதாம். அது ஆஸ்பத்திரி மெஷின். மூச்சும் எந்திரிச்சு உக்காந்து பேசுறவ மூச்சு இல்ல, படுத்துக்கிட்டு பேசுறவ மூச்சுன்னாங்க.

— எந்த வாரம்?

— மூணாவது வாரமே தெரிஞ்சு போச்சாம். பொண்ணு ஏதோ நோயில கெடக்குறா, மறைக்கிறாங்கன்னு. தேறி வந்துடுவான்னு வேண்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, முதல் வாரம் பேசினது அப்படியே திரும்ப வந்துச்சாம். அதே இருமல், அதே இடத்துல.

— பதினெட்டாவது வாரம்.

— அது எனக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி குளியலறையில குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. 'அவகிட்ட சொல்றதுக்கு வார்த்தை தீந்து போச்சு ஆயா. அவ போயிட்டா'ன்னாங்க. மறுநாள் காலைலதான் முதல் தடவை போர்டை அழிச்சாங்க.

— பதினேழும் முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து போட்டேன். நாலு மாசத்துக்கு முன்னாடி கேட்டது எங்க ஞாபகம் இருக்கப் போகுதுன்னு...

— நெனச்சீங்க தம்பி.

— நெனச்சேன்.

— சிஸ்டரை மட்டும் குத்தம் சொல்றீங்களே தம்பி. வயசாயிடுச்சு, எங்க ஞாபகம் இருக்கப் போகுதுன்னு நீங்களும்தான் நெனச்சிருக்கீங்க. நாப்பது பேரோட பிள்ளைங்க நம்பரை வெச்சிருக்கிற மண்டை அது. சொந்தப் பொண்ணு இருமலை மறந்துடுமா?

— ...மறக்காது.

— ஆயா, போதும். சார், உக்காருங்க. தண்ணி குடிங்க.

— வேணாம். ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. தெரிஞ்சப்புறமும் வாரா வாரம் என் எதிர்ல உக்காந்து அந்த ஃபோன்ல பேசினாங்களே. 'சாப்டேன்டி, நீ சாப்டியா'ன்னாங்க. சிரிச்சாங்க. ஒரு தடவைகூட அவ பேச்சு மேல இவங்க பேச்சு விழுந்ததில்ல. நான்கூட ஆச்சரியப்படுவேன்.

— விழாது தம்பி. அந்த இடைவெளி எவ்ளோன்னு அவங்களுக்கு மனப்பாடம். வார நாள்ல கண்ணை மூடிக்கிட்டு விரல் விட்டு எண்ணிப் பழகுவாங்க. 'இங்க நாலு எண்ணுற நேரம் விட்டிருக்கா, இங்க ஆறு'ம்பாங்க. அதுக்குள்ள அடங்குற மாதிரி பதிலை வெட்டி வெட்டிச் சரி பண்ணிக்குவாங்க. நாங்க அதைப் பாத்து, 'சும்மாவே விரல் விட்டுக்கிட்டு முணுமுணுக்கிறாங்க'ன்னு சொன்னோம்.

— அதுவும் எழுதியிருக்கு சார். நான்தான் எழுதினேன்.

— ஏன் அப்படிச் செஞ்சாங்க? என்னை ஒரு அறை விட்டிருக்கலாமே. 'எங்கடா என் பொண்ணு'ன்னு சட்டையைப் பிடிச்சிருக்கலாமே.

— எனக்கும் அதான் தம்பி கோவம். கேட்டேனே. அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.

— சிஸ்டர், அந்த ஃபாரத்தைக் குடுங்க.

— கையெழுத்தா?

— கிழிக்கிறதுக்கு.

— ...இந்தாங்க. நானே கிழிச்சிடுறேன். ஆனா மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக் கூடாது சார். உடம்பு தாங்காது. டாக்டரை வரச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

— இன்னிக்கே வரச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன். குறைச்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எந்திரிச்சதும் நானே சொல்லணும். அவ எப்படிப் போனா, என்னிக்குப் போனா, எல்லாத்தையும். பதினேழையும் அவங்க கையிலயே குடுத்துடறேன். நான் அதை வீட்ல ஒரு தடவைகூடப் போட்டதில்ல. விரல் போகாது. இங்க வந்தா மட்டும்தான்.

— மார்க் என்ன போடட்டும் சார்?

— மூணுக்கு மூணு. உங்க கையெழுத்தோட. அந்த வராண்டாவுல இருக்கிற மத்த ஏழு பேர் ஃபைலையும் எடுங்க. அவங்க சொன்னதுல எதெது சரியான பதில்னு யாராவது பாக்கட்டும்.

— போர்டுல மூணாவது வரி?

— அதை நான் அழிச்சிட்டு வரேன் சிஸ்டர். என் கையாலயே அழிக்கிறேன்.

— இருங்கம்மா. போகாதீங்க. எட்டு நாளா அத்தை பேசவே இல்லன்னு சொன்னாங்க. கடைசியா என்ன பேசினாங்க?

— ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு சார். 'சம்பந்தமில்லாத பேச்சு.' சாயங்காலம் ஆறு மணி.

— அது நீங்க எழுதினது. அவங்க சொன்னது என்ன? வார்த்தைக்கு வார்த்தை?

— அது சத்தியம் பண்ணினது தம்பி.

— சொல்லுங்கம்மா.

— மாத்திரையை நாக்குல வெச்சுத் தண்ணி குடுத்தேன். முழுங்கிட்டு என் கையைப் பிடிச்சாங்க. 'எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு மாப்ளைகிட்ட சொல்லிடாத ஆயா. நான் ஏமாறுறதை நிறுத்திட்டா, அவ குரலைக் கேக்க அந்தப் புள்ளைக்கு வேற சாக்கு இல்ல'ன்னாங்க.